மேலே சேர்க்க வேண்டிய டப்பா

மூச்சுக்கு விலை எண்ணூறு ரூபாய். மலையேறுகிறவர்கள் சாமான் வாங்கும் அந்தக் கடைசிக் கடையில் ஆக்ஸிஜன் டப்பா அதற்குக் குறைந்து கிடையாது.

“ஐநூறுக்குக் குடும்மா. போன வருஷமும் வந்தவன்தான் நான்,” என்றார் கீர்த்திவாசன்.

அந்தக் குரலுக்காகத்தான் யாங்சென் ஒரு வருஷமாகக் கடையை மூடாமல் வைத்திருந்தாள்.

“உங்கள மறப்பேனா சார்!” சிரித்தபடி இரண்டு டப்பாக்களை அவர் பையில் வைத்தாள். “காசே வேணாம். ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு, கணவாய்கிட்ட ஒரு வருஷமா பனியில உட்கார்ந்திருக்காரே உங்க வழிகாட்டி, அவருக்கு. அவர் பேர் கீறின டப்பாவோட நீங்க மட்டும்தானே இறங்கி வந்தீங்க? அவர் என் வீட்டுக்காரர். போற வழிதான், கையில குடுத்துடுங்க.”

யாங்சென் பையின் வாரை இழுத்து இறுக்கினாள்.

“அவர்கிட்ட நீங்க வாங்கினது ஒண்ணு, திருப்பிக் குடுக்க வேண்டியது ஒண்ணு. என் கணக்குல இன்னும் வரவு வைக்கல.”