சிவப்பு அட்டை

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். பிள்ளைத்தாய்ச்சிக்கு எந்தச் சாப்பாடு போதும் என்று ஆராய, சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு அரசாங்க டாக்டர் வந்தார். பத்துப் பேருக்கு வெள்ளை அட்டை; அதற்கு அரிசி. பத்துப் பேருக்குச் சிவப்பு. அதற்கு மரவள்ளிக்கிழங்கு மட்டும்.

நவமணிக்கு வெள்ளை. பக்கத்து வீட்டுப் பேச்சாயிக்குச் சிவப்பு.

“எம்மேல என்ன கோவம், கிராணி ஐயா?” அட்டைகளைக் கொடுத்த தோட்டக் கணக்கரிடம் கேட்டாள் பேச்சாயி.

“கோவம் இல்லலா. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. அட்டைச் சாப்பாட்ட மாத்தித் தின்னா தலை போயிடும், ஜாக்கிரதை!”

இருபது பிள்ளைகளும் பிறந்தன. டாக்டர் ஒவ்வொன்றாக எடை போட்டார். முகம் மலர்ந்து கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணியின் முகம் வெளுத்தது.

“என்னவாம் ஐயா?” என்றாள் நவமணி.

“ரெண்டு அட்டைப் பிள்ளைங்களும் ஒரே எடையாம். அதனால கிழங்கே போதுமாம். நாளையிலருந்து பேராக் மாநிலம் பூரா எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அரிசி கிடையாது.”

மாசமாயிருப்பவளைப் பார்க்கவைத்துத் தின்பது பாவமென்று, தன் சோற்றில் பாதியைத் தினமும் பேச்சாயிக்கு ஒளித்துக் கொடுத்தவள் நவமணி. ஒருத்தி கொடுத்ததால் பத்துப் பிள்ளைகளின் எடை எப்படி ஏறும்?

திரும்பிப் பார்த்தாள். வெள்ளை அட்டைக்காரிகள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.