காரைக்கால் காருக்கு ஒரு மரைப்பெட்டி

"அங்குல மரையெல்லாம் எங்க வண்டிக்கு ஆவாதுப்பா. மில்லிமீட்டர்ல இருந்தா எடு."

அரியலூர்க் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த சாமிதுரை, எடுத்த பெட்டியை அப்படியே கீழே வைத்தார். இரண்டாம் உலகச் சண்டைக்காலம். இருப்பதை வாங்கிக்கொண்டு போகிறவர்களைத்தான் அவர் பார்த்திருந்தார். இல்லாததைக் கேட்டு வந்து நின்றவர் ஞானமுத்து வாத்தியார் ஒருவர்தான்.

"எல்லாம் மரைதானே வாத்தியாரய்யா?"

"பெரம்பலூர்ல ஒருத்தனும் இப்படித்தான் சொன்னான். எங்களுது காரைக்கால்ல வாங்குன பிரெஞ்சுக் கார். அதுல அங்குல போல்ட்டை வச்சு முடுக்கினான். ரெண்டு சுத்து புது மாப்பிள்ளை மாதிரி மரியாதையா உள்ள போச்சு. மூணாவது சுத்துல வூட்டையே முழுங்கிடுச்சு. துளையில இருந்த மரை பூரா மாவாக் கொட்டுச்சு."

வாத்தியாரின் மனைவி மதலேனம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வழவழவென்று தேய்ந்திருந்த போல்ட்டு ஒன்றை எடுத்து வைத்தாள்.

"நல்லதாப் பாத்துக் குடுங்கண்ணே. ஏலாக்குறிச்சி மாதா கோயில் தேருக்கு உன்னைக் கார்லதான் கூட்டிட்டுப் போவேன்னு கல்யாணத்தன்னிக்கு வாக்குக் குடுத்தாரு. இருபத்தெட்டுத் தேர் போயிடுச்சு. நாளைச் சாயங்காலம் இருபத்தொம்பதாவது."

"போன வருசமே கெளம்பினோம்ல?" என்றார் வாத்தியார்.

"கெளம்பினோம். பாதி வழியில மரை புடுங்கிக்கிச்சு. நான் வண்டியில உக்காந்து ஜெபமாலை சொல்றேன், இவரு நாலு மைலு தேடிக்கிட்டு ஓடுறாரு."

"போல்ட்டையா?"

"போல்ட்டும் அதோடதான் போச்சு."

சாமிதுரை பரணிலிருந்து தூசி படிந்த மரப்பெட்டி ஒன்றை இறக்கினார். சண்டைக்கு முன்னால் வந்த மில்லிமீட்டர்ச் சாமான். துளைக்கு மரை வெட்டும் டேப்புகள், போல்ட்டுக்கு மரை வெட்டும் டைகள். வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப் போல ஒவ்வொன்றையும் கண்ணருகே பிடித்தார். ஓர் அளவுக்கு மூன்று டேப்பு இருக்கிறதா, முதல் டேப்பின் நுனி சிறுத்திருக்கிறதா, மூன்றாவதில் கடைசிவரை பல் இருக்கிறதா என்று பார்த்தார்.

"இதான். பழைய துளையை ஒரு அளவு பெரிசாக்கிப் புது மரை வெட்டிடலாம். போல்ட்டுக்கும் நானே போட்டுக்கிறேன்."

"என்ஜின்ல எந்த இடம்ங்க?"

"என்ஜினா? அதால மூணு வருசமா ஒரு தொந்தரவும் கெடையாது. இது வண்டி மூக்குல குறுக்கே போற முன்னிரும்புல ரெண்டு துளை."

"பெட்ரோல் கூப்பனுக்கு என்ன பண்றீங்க?"

"கூப்பன் ஆபீசு எந்தத் தெருவுல இருக்குன்னே தெரியாது."

"அப்ப பஸ்ஸுக்கெல்லாம் பண்ற மாதிரி கரி வாயுவா?"

"சே, சே. புகையே வராது."

சாமிதுரை வாயைப் பிளந்தார். "இங்கேருந்து ஏலாக்குறிச்சி இருபது மைலு இருக்குமா? நாளைக்கு மத்தியானம் கெளம்பினாப் போதுமே!"

"இப்பவே கெளம்பினாத்தான் தேரைப் பாக்கலாம்" என்றாள் மதலேனம்மாள், கறாராக.

இருவரும் பெட்டியோடு, ஏரிக்கரையில் நிறுத்தியிருந்த காருக்குப் போனபின் சாமிதுரைக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்தார். பிறகு கடையைச் சாத்திவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தார்.

புளியமரத்தடியில் கார் நின்றது. துடைத்துத் துடைத்துப் பளபளவென்றிருந்தது. மதலேனம்மாள் முன்சீட்டில் தலையில் முக்காடும் கையில் ஜெபமாலையுமாக உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வருடத்துச் சிரிப்பு மொத்தமும் அவள் முகத்தில் இருந்தது. வாத்தியார் புதுப் போல்ட்டுகளை முடுக்கி, இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"கூப்பனும் இல்லாம, கரியும் இல்லாம எப்படித்தாங்க ஓடுது? பானெட்டைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க."

வாத்தியார் மறுக்காமல் திறந்தார். உள்ளே என்ஜின் இருக்க வேண்டிய இடம் முழுக்க வைக்கோல்.

அதில் ஒரு பிடி உருவிக்கொண்டு, ஏரியில் தண்ணீர் குடித்துவிட்டுக் கரையேறி வந்த காளைகள் இரண்டையும் முன்னிரும்பில் அந்தப் போல்ட்டுகளால் முடுக்கியிருந்த நுகத்தடியில் பூட்டிய வாத்தியார், மனைவியிடம் குனிந்து சொன்னார்: "ஹாரனை மட்டும் அடிச்சிடாத மதலேனு, போன வருசம் மாதிரி ரெண்டும் மிரண்டு வூட்டுக்கு ஓடிடும்."