மசியாத இருவர்

பெண்ணின் கண்ணீருக்கு மசியாத ஆண்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர், எங்களை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்த காவலர். இன்னொருவன் நான்.

"எத்தன அழுகையப் பாத்திருக்கேன். நம்மகிட்ட நடக்காது" என்றார் காவலர். என் கையையும் அக்காவின் கையையும் ஒரே விலங்கில் பூட்டியிருந்தார்.

தொழிற்சாலைக் கூரையில் செப்புக் கம்பி திருடிய வழக்கு. திட்டம் அக்காவுடையது. கூரை ஏறியதும் அவள்தான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்கினேன்.

தீர்ப்புக்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

பதிலுக்கு அக்கா அழுதாள்.

எனக்கு அப்போதே சந்தேகம். கதவிடுக்கில் விரல் நசுங்கியபோதுகூட அழாமல் கதவைத் திட்டியவள் அவள்.

"ஏறினது அக்காதாங்கய்யா" என்றேன்.

நீதிபதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூடப் பிறந்தவளையே மாட்டிவிடுகிறாயே, நீயெல்லாம் ஒரு தம்பியா என்று கேட்டார்.

தம்பி பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனதற்கு அக்காவுக்கு மூன்று மாதம். கெடுத்ததற்கு எனக்கு மூன்று வருடம்.

வேனில் ஏறியதும் காவலர் அக்காவின் கையை விடுவித்தார். காலியான வளையத்தை என் இன்னொரு கையில் மாட்டினார். ஜன்னலோர இருக்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்து அவளை உட்காரவைத்தார். அவளுக்குத் தண்ணீர் வாங்கக் கிளம்பியவர், படியில் நின்று திரும்பினார்.

"இவன் ஓடிடாமக் கொஞ்சம் பாத்துக்கம்மா."

ஆக, உலகத்தில் மிச்சம் நான் ஒருவன்தான்.

எதிர்ப்பக்க ஜன்னலுக்கு என் வக்கீல் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேல்முறையீடு போடலாம்ப்பா. கூரையில கெடந்த செருப்பு அவ அளவு. அத நிரூபிச்சா உனக்குக் கொறையும், அவளுக்கு ஏறும். அவளோடதுதானே?"

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

அக்காவைப் பார்த்தேன். நீதிபதி இல்லை. காவலர் இல்லை. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, சத்தமே இல்லாமல், மூக்கொழுக இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

நடிப்பாகத்தான் இருக்கும்.

"இல்ல சார்" என்றேன். "அது என் செருப்பு."