இத்தாலியில் ஆட்டம், பைசாந்துவில் தவிப்பு

தாய்நாட்டில், பைசாந்து ஊர் வீட்டில், மாத்தே இலைப் பானம் ஆறிக் கிடந்தது. இத்தாலியில் கால்பந்து ஆடும் கணவன் பிராயன் இடது ஓரத்தில் பந்தோடு பாய்வதை டி.வி.யில் பார்த்து யெசிக்கா எழுந்து நின்றாள்.

"நிறைமாசம், உட்காருடி," என்றாள் மாமியார் மிர்த்தா.

"ஆட்டமே முடியப் போகுது அத்தை. உங்க பிள்ளை இன்னும் ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணுவான். அவங்கப்பன் மாதிரி, எல்லாம் கடைசி நிமிஷத்துலதான்."

பிராயன் கோல் அடித்தான். அரங்கம் அதிர்ந்தது. இங்கே இருவரும் அசையவில்லை.

"கோலை இப்ப யாரு கேட்டா?" என்றாள் யெசிக்கா.

பிராயன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தினார்.

மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள்.

"இந்த சீசன்ல இது அஞ்சாவது அட்டை. அடுத்த ஆட்டத்துல ஆட விடமாட்டாங்க. பிரசவத்துக்கு வந்துடுவான்டி, என் திருட்டுப் பய!"