ஒரு கட்டு விறகு

கோயில் தூணில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த பெரிய புத்தகத்தைப் பாதிரியார் ரால்ஃப் திறந்தார். வேதத்தை இனிமேல் ஆங்கிலத்திலேயே வாசிக்க வேண்டும் என்பது ராஜாவின் உத்தரவு. இத்தனை காலம் லத்தீனுக்கு மண்டியிட்ட சனங்களில் சிலர், முதல்முறையாக வேதம் புரிந்து அழுதார்கள்.

மார்ஜரிக்கு அழுகை வரவில்லை. ஆங்கில வேதத்துக்குத் தடை இருந்த காலத்தில், இதே பக்கத்தை அவள் புருஷன் அடுப்படியில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அதற்காகத்தான் இதே கோயில் வாசலில் அவனை உயிரோடு கொளுத்தினார்கள்.

"வாம்மா மார்ஜரி, நீயும் வந்து தொட்டுப் பார்" என்றார் பாதிரியார்.

அவள் வந்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கட்டு விறகை எடுத்துப் புத்தகத்துக்குக் கீழே போட்டாள்.

"என்ன இது?"

"அன்னைக்கு நீங்க கேட்டதுதான் சாமி. என் புருஷனை எரிக்க விறகு கொண்டுவந்தா பாவம் தீரும்னு சொன்னீங்க. ஊரே ஆளுக்கொரு கட்டு தூக்கிட்டு வந்துச்சு." மாவு அரைக்கும் ஹியூவின் பக்கம் திரும்பினாள். "உங்க கட்டுதான் அண்ணே, நல்லாக் காஞ்சிருந்துச்சு."

ஹியூ தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் மட்டுந்தான் அன்னைக்குக் கொண்டுவரலை. இந்தாங்க. புத்தகம் அதேதான். இப்ப யாரைக் கொளுத்தணும், சொல்லுங்க."

"உத்தரவு மாறிடுச்சும்மா..."

"அப்ப, விறகு கொண்டுவந்த இவங்களுக்குப் பாவம் தீர்ந்துச்சா?"

பாதிரியார் கையிலிருந்த மெழுகுவர்த்தியை விறகுக்கு எட்டாத தூரத்துக்கு மெல்ல நகர்த்தினார். மார்ஜரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.