சிவப்புப் பொட்டு

"இன்னிக்குக் கண்காட்சி முடியுது. வாங்கின படத்தை எடுத்துட்டுப் போக ஆளையே காணோமேப்பா?" என்றாள் ஃப்ரேயா.

"வருவாங்க கண்ணு. இருபது வருஷத்துல என் படத்துக்கு விழுந்த முதல் பொட்டு. இதுவும் விழலேன்னா தூரிகையைத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பேன்," என்று சிரித்தார் டெஸ்மண்ட்.

ஓவியர்களே நடத்தும் அந்தப் பழைய மெல்பர்ன் காட்சிக்கூடத்தில் ஆளுக்கொரு நாள் மேசையில் உட்கார வேண்டும். இன்று அவர் முறை; பொட்டு விழுந்தது வேறொருவர் முறை நாளில். விற்ற படத்தின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது அங்கே வழக்கம்.

உள்ளே வந்த ஒரு முதிய பெண்மணி, பொட்டு ஒட்டிய அந்தப் படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"வில்லியம்ஸ்டவுன் படகுத்துறையில தூண்டில் போடறது என் வீட்டுக்காரருங்க! வாளி காலியா இருக்கு பாருங்க, சந்தேகமே இல்ல, அவரேதான். போன மாசம் தவறிட்டார். இது எனக்கு வேணும்."

டெஸ்மண்ட் முகம் வாடியது. "மன்னிச்சுக்கங்கம்மா. வித்துப்போச்சு."

"அப்பா, இவங்களுக்கே குடுத்துடுங்க!" ஃப்ரேயா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"பொட்டு வச்சதை மாத்தி வித்தா, சக ஓவியருங்க என்னை மதிப்பாங்களா?"

"வேணாம்மா. பாத்ததே போதும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி போய்விட்டார்.

"பாத்தியா, ரெண்டு பேருக்குப் பிடிச்சிருக்கு! அந்த முதல் ஆள் மட்டும் வரட்டும், கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்," என்றார் டெஸ்மண்ட்.

ஃப்ரேயா தன் கையைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாக மறைத்துக்கொண்டாள். உள்ளே, ஒரே ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் உரித்தெடுக்கப்பட்டிருந்த ஸ்டிக்கர் அட்டை அவள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.