கரண்டிமூக்கு உள்ளான்

மூன்று ஐப்பசியாக உப்பளத்தில் அந்தக் கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்துவருகிறேன். குருவி அளவுதான் இருக்கும். அலகின் நுனி மட்டும் கரண்டிபோலத் தட்டை. மாவட்டப் பறவைப் பட்டியலைச் சரிபார்க்கும் ஞானசிகாமணி மூன்று முறையும் என் பதிவை அடித்துவிட்டார். "போட்டோ எங்கய்யா? வாயால யார் வேணா எதை வேணா பார்க்கலாம்" என்றார், கூட்டத்தில் எல்லார் முன்னாலும். சிரித்தார்கள். என்னிடம் ஒரு பழைய தொலைநோக்கியைத் தவிர எதுவும் கிடையாது.

இந்த வருடம் சேற்றில் கண்ணி வைத்தேன். இன்று காலை அவர் வீட்டுக்கே போய், டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்துத் திறந்தேன். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உடம்பில் இன்னும் சூடு ஆறவில்லை.

"நல்லாப் பாருங்க சார். இப்ப எழுதுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் அந்த அலகைத் தொட்டார். ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை.

"அதேதான்" என்றார். பேனாவை எடுத்தவர், மூடியைக் கழற்றாமலே டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"உயிரோட பார்த்ததை மட்டும்தான்யா பட்டியல்ல சேர்ப்போம்."